மே மாதத்திலும் ஜெபக்கூட்டம் உண்டு

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. "எல்லாரும் ஊருக்குப் போறாங்கம்மா. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஜெபக்குழுவுக்கு லீவு விட்டாச்சு. ஜூன்ல புதுசா தொடங்கலாம்னு இருக்கோம்" என்றாய். சரி என்றேன். நான் ஒன்றும் கேட்காதபோதே, பெங்களூரிலும் இப்போதெல்லாம் வெயில் தாங்கவில்லை, மாடியில் உட்கார முடியவில்லை என்று இன்னொரு காரணமும் சொன்னாய். ஒரு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வேன். கேட்காமலே இரண்டாவதும் வந்தால், மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்திக்குப் பிள்ளையாகப் பிறந்தவன் நீ. இதற்குள் பழகியிருக்க வேண்டும். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பய சொல்லது சரிதானே. ஆளில்லாத எடத்துல யாருக்கு ஜெபம்?" என்றார். அவர் அப்படித்தான். வாசலில் வந்து நின்று யார் என்ன சொன்னாலும் நம்புகிற மனிதர். நம்புவதற்கு அவர், சந்தேகப்படுவதற்கு நான் என்று கல்யாணமான புதிதிலேயே நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

ஆளில்லாத மாதங்களிலும் ஜெபக்குழு ஏன் நடக்க வேண்டும் என்று போனில் விளக்க எனக்கு வராது. நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ "ம்ம்" கொட்டுவாய். அந்த "ம்ம்" நீ கேட்பதற்கான அடையாளமா, வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பதற்கான அடையாளமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதனால் எழுதுகிறேன். நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மே மாதம் லீவுக்கு நேராக மார்த்தாண்டத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனாய். அப்பாவும் அங்கே வந்துவிட்டார். நான் மட்டும் திருவனந்தபுரத்தைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஆபீஸில் வேலை அதிகம் என்று நீ நினைத்துக்கொண்டாய். ஆபீஸில் ஒரு வேலையும் இல்லை. ஒரு மனிதனை வேவு பார்ப்பதற்காகத்தான் நான் ஊரிலேயே இருந்தேன்.

நம் ஜெபக்குழு அப்போது திருவனந்தபுரத்தில் குன்னுக்குழியில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் கூடும். அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ், தனியாக இருந்தார், காது கொஞ்சம் மந்தம். குழுவில் இருந்தவர்களெல்லாம் நம்மைப்போல நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாலில் பாய் விரிப்போம். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், கடைசியில் சுண்டலும் பாலில்லாத கட்டன்சாயாவும். பள்ளிக்கூடத்தில் பெரிய பரீட்சை முடிந்ததும் கூட்டம் கரையத் தொடங்கும். பிள்ளைகளுக்கு லீவு, ஊரில் கல்யாணங்கள், டீச்சர்மாருக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பலாப்பழம் பழுத்துக் கிடக்கிறது என்று பெற்றவர்களிடமிருந்து போன். ஏப்ரல் பிறந்ததும் யாரும் யாரிடமும் சொல்லாமலே பாயைச் சுருட்டி வைப்போம். ஜூனில் மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வரும்போது மறுபடி விரிப்போம். இதில் ஒரு தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

அந்த வருஷம் தொடக்கத்தில் செல்வின் என்று ஒருவன் குழுவில் வந்து சேர்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவன், ஒரு தனியார் கம்பெனியில் வேலை. ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தான். வீட்டுக்காரர்கள் துபாயில், கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. மனைவி கோயம்புத்தூரில் டீச்சராக இருக்கிறாள், வருஷக் கடைசியில்தான் மாற்றல் கிடைக்கும் என்றான். அப்பா அம்மா இல்லை, ஒரே பிள்ளை என்றான். நல்ல குரல். பாட்டு எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் தவித்த குழுவுக்கு அவன் வரப்பிரசாதம். எல்லாருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. எல்லாருக்கும் உடனே பிடித்துப்போகிறவர்களை நான் இரண்டாம் தடவை பார்ப்பேன்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான். "நீங்க எல்லாரும் எப்பம் ஊருக்குப் போவீங்க, எப்பம் திரும்பி வருவீங்கன்னு சொன்னா, யாராவது ரெண்டு பேரு எப்பவும் ஊர்ல இருக்க மாதிரி பாத்துக்கிடலாம். கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமையும் நிக்க வேண்டாம்." எல்லாரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். யார் எந்த வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள், யார் வீட்டில் ஒரு மாதம் ஆளிருக்காது என்று ஒவ்வொன்றாக அவனுக்குத் தெரிந்துபோயிற்று. நான் சொல்லவில்லை. "எங்களுக்கு இன்னும் தீர்மானமாகல்ல" என்று சாயாவைக் குடித்தேன்.

வரும் வழியில் ஆட்டோவில் உன் அப்பாவிடம் கேட்டேன். "ஒவ்வொரு வீட்டுக்காரனும் என்னைக்குப் பூட்டிட்டுப் போறான், என்னைக்குத் திரும்பி வாறான்னு விசாரிக்கிறவன் யாரு?"

"ஜெபக்குழு நடத்தணும்னு ஆசை இருக்கப்பட்டவன்" என்றார்.

"இல்லைன்னா கள்ளன்."

"நீ சும்மா இரி. பைபிளைப் பிடிச்சுக்கிட்டு வாற பயலைப் போயி..."

பைபிளைப் பிடித்துக்கொண்டு வருகிறவனைச் சந்தேகப்படக் கூடாது என்று பைபிளிலேயே எங்கேயும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் சந்தேகத்தை நான் உன் அப்பாவைத் தவிர யாரிடமும் கொண்டுபோகவில்லை. போதகரிடமும் சொல்லவில்லை. சந்தேகம் என்பது பச்சை மாங்காய் மாதிரி. பழுக்கும்வரை நம் வீட்டு வைக்கோலுக்குள்தான் இருக்க வேண்டும். ஆபீஸில் அரைகுறைச் சந்தேகத்தைக் கான்டீனில் வைத்துப் பேசி மனிதர்களின் பெயரைக் கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் ஸ்டெல்லா அக்காவை மகள் வந்து சென்னைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, "கூட்டம் நடக்கட்டு, எனக்கு சந்தோஷம்தான்" என்று அக்கா வீட்டுச் சாவியை எடுத்து வந்தார். செல்வின் கையை நீட்டிவிட்டான். "நான் வச்சுக்கிடட்டா அக்கா? பின்னாலதானே இருக்கேன்." அக்கா அவன் கையில் வைப்பதற்குள் நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "என்கிட்ட இருக்கட்டு. செடிக்குத் தண்ணி விடவும் வரணும்லா" என்றேன். செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றி யாரும் அதுவரை பேசியிருக்கவில்லை. அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

அடுத்து ஒரு சோதனை வைத்தேன். ஆள் குறைந்துவிட்டது, அந்தப் பூட்டின வீட்டைத் திறந்து தூசி தட்டுவது எதற்கு, எங்கள் வீட்டிலேயே கூடுவோம், ஏசி உண்டு, நான் இட்லி அவித்து வைக்கிறேன் என்றேன். வேறு யாராக இருந்தாலும் ஏசிக்கே வந்திருப்பார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம் ஆன்ட்டி, அங்கயே பாடுவோம். ஸ்டெல்லா அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்லா" என்றான். அக்கா யாரிடமும் வாக்கு எதுவும் வாங்கியிருக்கவில்லை. அதோடு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் வந்தவுடன் செய்கிற முதல் வேலை, ஹாலின் பின்பக்க ஜன்னல்களை விரியத் திறந்து வைப்பதும் ஃபேனை நிறுத்துவதும். முதுகில் வேர்வை ஓடும். கேட்டால், "ஃபேன் சத்தத்துல பாட்டு அடிபட்டுப் போவுது" என்பான். சுண்டல் கொடுத்தால் அங்கே தின்ன மாட்டான். பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொள்வான். ஒருத்தனுக்கு அவ்வளவு சுண்டல் எதற்கு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "தனியா இருக்க பய, ராத்திரிக்கும் சேத்து கொண்டுபோறான்" என்றார் உன் அப்பா.

ஒரு சனிக்கிழமை பழவங்காடியில் குடை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு செருப்புக்கடையில் அவனைப் பார்த்தேன். பெண்கள் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தான். காகிதத்தில் ஒரு பாதத்தை வரைந்து வெட்டி எடுத்து வந்து, அதைச் செருப்பின்மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் போய் நின்று, "வீட்டுக்காரிக்கா தம்பி?" என்று கேட்டேன். தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. "இல்ல ஆன்ட்டி... தங்கச்சிக்கு" என்றான். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரே பிள்ளைக்குத் தங்கச்சி! பொய் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துபோவார்கள், மக்களே. தாங்கள் முன்னே சொன்னதைத் தாங்கள் மறந்தாலும் கேட்டவர்கள் மறப்பதில்லை. கள்ளன் என்ற எண்ணத்தை அன்றைக்கே கைவிட்டேன். இது வேறு விஷயம், மாடியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று முடிவு செய்தேன். மனைவி கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க, இவன் இங்கே ஒருத்தியை ஒளித்துவைத்துக்கொண்டு நமக்குப் பாட்டு எடுத்துக்கொடுக்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளை ஒரு நாள் என் கண்ணால் பார்க்காமல் ஊருக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

இப்படித்தான் அந்தக் கோடையில் நம் ஜெபக்குழு மூடாமல் நடந்தது. பக்தியால் நடந்தது என்று ஜூனில் போதகர் ஆராதனையில் வைத்துப் பாராட்டியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை உன் அப்பாவும் மார்த்தாண்டம் கிளம்பியபின், மிச்சம் இருந்தது செல்வினும் நானும் மட்டும். வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, கதவுக்குப் பக்கத்தில் நான், ஜன்னலுக்குப் பக்கத்தில் அவன். இரண்டு பேர் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, இரண்டு பேர் பாடி, இரண்டு பேர் ஜெபித்தோம். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய நேரத்திலும் நான் ஒரு கண்ணை ஜன்னல்மேல் வைத்திருந்தேன். மாடி ஜன்னலில் திரைச்சீலை ஒரு தடவை அசைந்தது. காற்று இல்லாத சாயங்காலம் அது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இடியும் மழையுமாக ஊரையே அடித்துப் புரட்டிவிட்டது. நான் ஆட்டோ பிடித்து நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது கரண்டும் இல்லை. வீட்டைத் திறந்து பாயை விரித்துவிட்டு உட்கார்ந்தேன். செல்வினிடமிருந்து போன். "ஆன்ட்டி, நான் கிழக்கேகோட்டையில மாட்டிக்கிட்டேன். ரோடெல்லாம் வெள்ளம், பஸ்ஸு ஒண்ணும் நகரல்ல. நீங்க போயிராதீங்க ஆன்ட்டி. நீங்களே ஒரு பாட்டாவது பாடிருங்க. அந்த ஜன்னலைத் தொறந்து வச்சு..." அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

ஒத்தைக்கு உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, நான் ஏன் பாட வேண்டும்? யாருக்குப் பாட வேண்டும்? என் சந்தேகமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து கூடியது. ஜன்னலைத் திறந்தேன். பாடவில்லை. பாடாவிட்டால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று வாயை இறுக மூடிக்கொண்டு, கையில் பைபிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை நின்று ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பாட்டுத் தொடங்கும் நேரம் தாண்டிப்போயிற்று. பின்பக்கத்தில் ஒரு கதவு திறக்கும் சத்தம். பிறகு மாடிப்படியில் யாரோ மெல்ல மெல்ல இறங்கும் சத்தம், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் நின்று நின்று. சுற்றுச்சுவர் ஓரமாக வந்து முன்வாசலில் ஒரு பெண் நின்றாள். நைட்டிமேல் ஒரு தோர்த்துத் துண்டைப் போர்த்தியிருந்தாள். காலில் பழவங்காடிச் செருப்பு. மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, வெயிலே படாதவளைப்போல வெளுத்துப்போயிருந்தாள்.

"இண்ணைக்குப் பாட்டு கெடையாதா?" என்று கேட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. "நீ யாரு?" என்றேன்.

"பின்னால... மேல் வீடு."

"அங்க செல்வின் தனியால்லா இருக்கான்?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அவரு வீட்டுக்காரி. சுகந்தி."

"கோயம்புத்தூர்ல டீச்சர்னு சொன்னாரு?"

"டீச்சர்தான், முந்தி. கோயம்புத்தூருக்கு நான் போனதே கெடையாது." ஹாலை எட்டிப் பார்த்தாள். "வேற யாரும் உண்டா?"

"நான் மட்டும்தான்."

அப்புறம்தான் உள்ளே வந்தாள். பாயில் உட்காரவில்லை, கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கதானே ரெண்டாவது அடியில சுருதி எறங்கிப் போறது?" என்று கேட்டாள். நான் திகைத்துவிட்டேன். அவளுக்கு எங்கள் எல்லாரையும் தெரிந்திருந்தது. முகத்தால் அல்ல, குரலால். "வயசான ஒரு அம்மா எல்லாருக்கும் பின்னால ஒரு அடி பிந்தியே வருவாங்களே, அவங்க ஊருக்குப் போயாச்சா? இருமிக்கிட்டே ஜெபம் பண்ணுத ஒரு சாரு உண்டே, அவரையும் போன வாரம் காணல்ல." இருமுகிறவர் என் வீட்டுக்காரர் என்றேன். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

நான் கேட்டேன், மக்களே. ஒளித்து மறைத்துக் கேட்கவில்லை. "எதுக்கு ஒளிஞ்சிருக்க? அவன் எதுக்கு உன்னை இல்லேன்னு சொல்லுதான்? அடிக்கிறானா? பூட்டி வச்சிருக்கானா?" என்று நேராகவே கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். தோர்த்தின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொன்னாள். தூத்துக்குடியில் அவர்கள் வீட்டில்தான் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்குமாம். ஹால் கொள்ளாமல் வாசல்வரை ஆட்கள் உட்காருவார்களாம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு மே மாதம் அதற்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். நான்கைந்து நாளில் குழந்தை போய்விட்டது.

"கூட்டத்துக்கு லீவு விட்டிருந்த நேரம் ஆன்ட்டி. யாருக்குப் போன் போட்டாலும் ஊர்ல இருக்கோம், கொடைக்கானல்ல இருக்கோம்னாங்க. அடக்கத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்கதான் வந்தாங்க. தூக்க ஆள் வேண்டாம், சின்னப் பெட்டிதானே, அவரே தூக்கிக்கிட்டாரு. பாடத்தான் ஆளில்ல. போதகர் ஒத்தைக்குப் பாடினாரு."

ஜூனில் எல்லாரும் ஊரிலிருந்து திரும்பி வந்து, ஒன்றாகச் சேர்ந்து அவளைப் பார்க்க வந்தார்களாம். ஏன் எங்களுக்கு முன்னமே சொல்லவில்லை, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள், ஏன் அங்கே கொண்டுபோனீர்கள், எத்தனையாவது நாள் கொண்டுபோனீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தியவள், அதன்பிறகு சபைக்காரர் ஒருவர் முகத்திலும் விழிக்கவில்லை. வேலையை விட்டாள். செல்வின் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்தான். வீடு பார்க்க வந்த அன்று ஸ்டெல்லா அக்கா வீட்டில் பாட்டு கேட்டதாம். தண்ணீர் சரியில்லை, படி செங்குத்து, இருந்தும் அந்த வீட்டையே பிடித்தானாம். தான் இங்கே இருப்பதாக ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்கள் வருவார்கள், வந்தால் கேட்பார்கள் என்று அவனிடம் அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"பாட்டு மட்டும் வேணும் ஆன்ட்டி. ஆளுங்க வேண்டாம். மே மாசம் பாட்டு நின்னுபோச்சுன்னா எனக்கு..." என்று அவள் நிறுத்திக்கொண்டாள். நிறுத்திய இடத்துக்கு மேல் நான் கேட்கவில்லை. தழும்பு ஏதும் உண்டா என்று அவள் மணிக்கட்டுகளைப் பார்த்தேன். நான் அப்படி எல்லாவற்றையும் பார்க்கிறவள்தானே.

செல்வின் வந்தபோது முழங்கால்வரை சேறு. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தான். வாசலில் மனைவியின் செருப்பைப் பார்த்து நின்றான். உள்ளே அவள் உட்கார்ந்திருப்பதை எட்டிப் பார்த்தான். நான்தான் பேசினேன். "வா தம்பி. உன் தங்கச்சி வந்திருக்கா" என்றேன். அவன் முகம் கோணிக்கொண்டு போனது. "மன்னிச்சிருங்க ஆன்ட்டி. எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்ல" என்றான். "நல்லா வருதே" என்றேன். சுகந்தி தோர்த்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியை ஏன் கேட்டாய் என்று அப்போதே கேட்டுத் தெளிந்துகொண்டேன். எல்லாரும் ஊருக்குப் போய்விட்டால் தான் ஒருவனாவது ஹாலில் உட்கார்ந்து பாடலாம் என்று கேட்டானாம். மாடியிலேயே பாடினால் என்ன என்றேன். "நான் தனியா பாடினா அவளுக்கு அந்த அடக்கம் ஞாபகம் வரும். இங்க கூட ஒரு கொரலாவது இருக்கணும்" என்றான். அன்று கரண்ட் வரும்வரை, அவர்கள் இரண்டு பேர் முன்னால் நான் சுருதி இறங்கி இறங்கிப் பாடினேன்.

நீ நினைப்பாய், அம்மாவின் சந்தேகம் பொய்த்துப்போயிற்று, பாடம் படித்தாள் என்று. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாடியில் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள் என்பது சரிதானே? அவன் சொன்னது பொய் என்பதும் சரிதானே? அவனை நம்பிய ஏழெட்டுக் குடும்பம் ஜனவரியிலிருந்து அவனோடு சாயா குடித்தது. ஒருத்தருக்கும் அவன் வீட்டில் இன்னொரு உயிர் இருப்பது தெரியவில்லை. நம்பிக்கை வைத்தவர்கள் அவனை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்காக அந்தப் பயலைக் கள்ளன்னா சொல்லணும்?" என்றார். அது அவர் கட்சி. செல்வினை நான் அதன்பிறகும் முழுசாக நம்பிவிடவில்லை. அவ்வளவு சரளமாகக் கோயம்புத்தூரைக் கட்டி எழுப்பினவன்! ஆனால் ஒரு மனிதனை முழுசாக நம்பாமலே அவனுக்காக உருகி ஜெபிக்க முடியும் என்று அந்த மே மாதம் தெரிந்துகொண்டேன்.

மிச்ச வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர். சுகந்தி மெதுவாகப் பாயின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பாடமாட்டாள், கேட்பாள். ஒரு நாள் நான் ஒரு அடியை மறந்து நின்றபோது அவள் எடுத்துக்கொடுத்தாள். ஜூன் வந்தது. மழை, பள்ளிக்கூடம், குடை, நனைந்த செருப்புகள், ஹால் நிறைந்துபோயிற்று. அன்று அவள் வரவில்லை. நம் ஆட்கள்மேல் அப்போது எனக்கு வந்த சந்தேகம் செல்வின்மேல் வந்ததைவிடப் பெரிது. நல்லவர்கள்தான், ஆனால் கேட்காமல் இருக்கமாட்டார்களே! ஆறுதல் சொல்கிறேன் என்று ஆளுக்கொரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவார்களே! அதனால் செல்வினிடமும் அவளிடமும் கேட்டுவிட்டு, ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா ஒரு மத்தியானம் கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு போய், காது கேட்காத குறையால் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்படி ஒருத்தர் ஒருத்தராக. கிறிஸ்மஸ் சமயத்தில் அவள் ஹாலில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். சுகமாகிவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். சில காயங்கள் ஆறும் என்று யாராவது சொன்னால் அதையும் நான் நம்புவதில்லை. அடுத்த மே மாதம் குழுவில் பாதிப் பேர் காரணமே கேட்காமல் தங்கள் பயணங்களை மாற்றி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அதனால் சொல்கிறேன். கோடையில் குழுவை நடத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மற்ற மாதங்களைப்போல அதையும் நடத்தப் பார்க்கிறவர்கள்தான் தோற்றுப்போவார்கள். பெரிய பாடம் வேண்டாம். ஒரு சங்கீதம் போதும். வெயில் தாழ்ந்தபின் தொடங்கு. வீட்டுக்கார அம்மா அடுப்பில் வேகும்படி பலகாரம் எதுவும் வேண்டாம். மோரும் தர்பூசணியும் வை. ஊருக்குப் போகிறவர்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளாதே. அவர்கள் போய்வரட்டும்; அங்கிருந்து ஒரு போன் செய்யச் சொல். பக்கத்துத் தெருக் குழுவும் காய்ந்து கிடந்தால் இரண்டையும் சேர்த்துவிடு. சாவி ஊரில் இருக்கப்போகிற ஒருவரிடம் இருக்கட்டும். ஆள் எத்தனை என்று எண்ணாதே, யார் என்று பார். கோடையில் வருகிறவர்கள் யார் தெரியுமா? போவதற்கு ஊர் இல்லாதவர்கள். ஊர் இருந்தும் அங்கே போக முடியாதவர்கள். மற்ற மாதங்களில் அவர்கள் கூட்டத்துக்குள் மறைந்திருப்பார்கள். கூட்டம் வடிந்தால்தான் கண்ணில் படுவார்கள்.

இனி உன் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிச் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒருத்தர் மட்டும் லீவு வேண்டாம்னு நிக்கிறாரும்மா. எப்பவும் முதல் ஆளா வருவார், கடைசியா போவார். பேச ஆரம்பிச்சா விடமாட்டார். அவர் ஒருத்தருக்காக எப்படி நடத்துறது?" என்றாய். நீங்கள் லீவு விட்டது வெயிலுக்காக அல்ல, அவரிடமிருந்து இரண்டு மாதம் தப்பிப்பதற்காக என்று நான் சந்தேகப்படுகிறேன். தப்பாக இருந்தால் கோபித்துக்கொள், வாங்கிக்கொள்கிறேன். அந்த மனிதர் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று நீ கேட்டாயா? பொங்கலுக்குப் போனாரா? கிறிஸ்மஸுக்கு? அவர் ராத்திரி எங்கே சாப்பிடுகிறார்? கடைசி ஆளாகப் போகிறவர் எங்கே போகிறார்? ஒரு வருஷமாக அவரோடு உட்கார்ந்து ஜெபம் செய்கிறாய். இதில் ஒன்றாவது உனக்குத் தெரியுமா?

அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதுதான் என் வழக்கே.

மே மாதம் நீ இங்கே வருவதாக இருந்தாய். உன் அப்பா உனக்காக அலமாரியை ஒழித்து வைத்திருக்கிறார். பத்து நாள் உன்னை எதிரில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. வராதே. நாங்கள் அங்கே வருகிறோம். அப்பா நேற்று சாயங்காலம் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார். நீ பாயை விரித்து வை. அப்பா எல்லாரையும் நம்பட்டும், நான் அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய். இத்தனை நாள் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், ஒரு தடவைகூட அவர் பெயரை நீ சொன்னதில்லை. இந்த வெள்ளிக்கிழமை அவரைப் போய்ப் பார்த்துக் கேட்டு எனக்குச் சொல்.

அம்மா